ஓ.டி. நாளும் ஓட்ட நாளும்

கேள்வி: கண்புரை அறுவை சிகிச்சை செய்கிறேன். திங்கள், புதன், வெள்ளி ஓ.டி. (அறுவை அரங்க) நாள். கோவாவில் நடக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு ஆறு மாதத்தில் தயாராக முடியுமா? எந்த நாளில் என்ன பயிற்சி வைப்பது?
– கண் மருத்துவர், கோவை

பதில்: 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இப்போதே 10 கி.மீ. நிற்காமல் ஓடவும், 400 மீட்டர் நீந்தவும் முடிகிறதென்றால் ஆறு மாதம் போதும். வாரத்துக்கு எட்டரை, ஒன்பது மணி நேரம் வேண்டும். நேரத்துக்கு எங்கே போவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியம், திங்கட்கிழமை காலையில் கையும் காலும் எப்படி இருக்கும் என்பது.

பேகோ (கண்புரையை உடைத்து உறிஞ்சும் கருவி) பெடலை மிதிப்பது பெரும்பாலும் வலது கால். முதல் நிலையில் திரவம், இரண்டாவதில் உறிஞ்சல், மூன்றாவதில் அல்ட்ராசவுண்ட். இடது கால் மைக்ரோஸ்கோப் பெடலில். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிதானமாக நிறுத்த வராது. நீண்ட ஓட்டத்தின் தசைவலி ஓடிய அன்று உச்சத்துக்குப் போகாது. 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணியும். வழக்கமான அட்டவணைகளில் சனிக்கிழமை சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வலியோடுதான் திங்கள் ஓ.டி.க்குள் போவீர்கள்.

ஆகவே நீண்ட ஓட்டத்தை வெள்ளி மாலை, கடைசி கேஸ் முடிந்தபின் வையுங்கள். 10 கி.மீ.-இல் தொடங்கி மெல்ல 18 வரை. சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணி நேரம் சைக்கிள். கால் கனமாகத்தான் இருக்கும். சைக்கிள் ஓட்டத்தைப் போல் தசையைப் புண்ணாக்காது என்பதால் பரவாயில்லை. ஞாயிறு ஓய்வு. செவ்வாய், வியாழன் காலை 45 நிமிட நீச்சல். இரண்டில் ஒரு நாள் மாலை டிரெயினரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவி) ஒரு மணி நேரம். திங்களும் புதனும் 40 நிமிடம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடினால் போதும்.

ஓ.டி. நாள் காலையில் டம்பெல், புல்-அப், கையில் பேடில் (தட்டைப் பலகை) மாட்டிய நீச்சல் வேண்டவே வேண்டாம். கைத்தசை களைத்தால் எல்லோருக்கும் இருக்கும் இயல்பான நடுக்கம் கூடும். வெறும் கண்ணுக்குத் தெரியாதது மைக்ரோஸ்கோப்பில் நன்றாகவே தெரியும். பயிற்சிக்குமுன் குடிக்கும் காஃபின் ஜெல்லுக்கும் இதே தடை. இரவு அவசர கேஸ் வந்து தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் மறுநாள் பயிற்சியை விட்டுவிடுங்கள், அதை ஈடுகட்ட வேறு நாளில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

கேள்வி: சைக்கிளில் 60 கி.மீ. தாண்டினால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. கிளவுஸ் மாற்றியும் பயனில்லை.
– விழித்திரை அறுவை நிபுணர், சென்னை

பதில்: உள்ளங்கை அடியில், சுண்டுவிரல் பக்கம் அல்நார் நரம்பு நசுங்குகிறது. மரப்பைவிடக் கவனிக்க வேண்டியது பலம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். பிடியை விடாமலிருக்கக் கட்டைவிரல் நுனி மடங்கினால் சிறு தசைகள் பலமிழந்திருக்கின்றன. ஃபோர்செப்ஸ் பிடிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கிளவுஸுக்கு முன்னால் சைக்கிள் சீட்டைப் பாருங்கள். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கி, பாரம் முழுவதும் கையில் இறங்கும். மட்டம் வைத்துச் சமமாக்குங்கள். அடுத்து, ஸ்பேசர் வளையம் போட்டு ஹேண்டில்பாரை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். 25 மி.மீ. டயருக்குப் பதில் 28 போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்தால் அதிர்வு குறையும். மணிக்கட்டைப் பின்னால் மடக்காமல் நேராக வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். மரப்பு இரண்டு மூன்று நாளில் போகாவிட்டாலோ, தாள் சோதனையில் தோற்றாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யுங்கள். பலம் திரும்பும்வரை நீங்கள் அறுவை செய்யவும் வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கண் பவர் −4.50, சிலிண்டர் (கருவிழி வளைவுக் கோளாற்றுக்கான பவர்) −1.00. காண்டாக்ட் லென்ஸோடு கடலில் நீந்தலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கூடாது. அகந்தமீபா என்ற ஒரு செல் உயிரி குளம், நீச்சல்குளம், கடல் எல்லாவற்றிலும் உண்டு. லென்ஸுக்கு அடியில் தங்கினால் கருவிழியில் புண் வரும். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். பவர் உள்ள நீச்சல் காகிள்ஸ் வாங்குங்கள். அவை பெரும்பாலும் சிலிண்டர் இல்லாமல் அரை அரை பவராகத்தான் கிடைக்கும். சிலிண்டரில் பாதியை மற்ற பவரோடு கூட்டினால் உங்களுக்கு −5.00 வரும். ரப்பர் விளிம்பு கண்குழியின் எலும்பில் உட்கார வேண்டும். சிறிய, இறுக்கமான காகிள்ஸ் கண் அழுத்தத்தை ஏற்றும். குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் பெரிய விளிம்புள்ளதையே வாங்க வேண்டும். கண்புரை அறுவை ஆனவர்கள் ஒரு மாதம் தண்ணீரில் இறங்காமலிருப்பது நல்லது.

கேள்வி: 100 மைல் ஓட்டத்தின் பின்பாதியில் பார்வை பனிமூட்டமாகிறது. அடுத்த நாள் ஓ.பி. பார்க்கலாமா?
– கண் மருத்துவர், பெங்களூரு

பதில்: வலியில்லாமல் மூட்டமாக மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் கருவிழி வீக்கம்தான். ஓட்டம் நின்றதும் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தானாகத் தெளியும். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள். ஓ.பி.யைச் சக மருத்துவரிடம் விடுங்கள், அறுவைப் பட்டியலை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்குவதுபோல் இருந்தாலோ, மின்னல் வெட்டுகள் தெரிந்தாலோ அது வேறு விஷயம்: ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அன்றே விழித்திரையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.