மேய்ப்பர்கள் வாசிக்கக் கூடாத புத்தகம்

அன்புள்ள ஐயா,

நான் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறேன். பக்கத்து வீட்டு அம்மா இந்து; அவர் விரும்பிக் கேட்டதால் ஒரு புதிய ஏற்பாட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்த வார ஆராதனையில், வேதத்தை வைத்திருக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் நமக்கு இருக்கும் சுதந்திரத்துக்காக ஆயர் ஸ்தோத்திரம் செலுத்தினார். கல்லூரியில் படிக்கும் என் மகன், “போனில் இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கம்மா நன்றி?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த நன்றி வெறும் வழக்கச் சொல்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விலை கொடுக்காமல் கிடைப்பதும் தடையில்லாமல் கிடைப்பதும் அவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன. அவை எவ்வளவு வேறானவை என்பதற்கு 16ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தைக் காட்டலாம். ஏனெனில் யார் வேதத்தை வாசிக்கலாம், யார் யாருக்கு வாசித்துக் காட்டலாம் என்று அங்கே சட்டமே எழுதி வைத்தார்கள்.

ஆயரின் ஒப்புதல் இல்லாமல் எவரும் வேதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கூடாது என்ற பேராயர் தாமஸ் அருண்டேலின் விதி 1409 முதல் அங்கே நடப்பில் இருந்தது. அந்த ஒப்புதல் கிடைக்காத வில்லியம் டிண்டேல் என்ற ஆங்கில அறிஞர் ஜெர்மனிக்குச் சென்று, 1526இல் வோர்ம்ஸ் நகரில் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அது துணிப் பொதிகளுக்குள் மறைத்து இங்கிலாந்துக்குள் கொண்டுவரப்பட்டது. லண்டன் ஆயர் அதைத் தேடிப் பிடித்து எரித்தார். டிண்டேலை 1536இல் பிரஸ்ஸல்ஸுக்கு அருகே கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளிலேயே, 1539இல், அரசரின் அனுமதியோடு வெளிவந்து கோயில்களில் வைக்கப்பட்ட ஆங்கில வேதாகமத்தில் பெரும்பகுதி அவருடைய மொழிபெயர்ப்புதான் என்பது வரலாற்றின் குரூரமான வேடிக்கை.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது 1543இன் சட்டத்தைப் பற்றி. மன்னர் எட்டாம் ஹென்றியின் பாராளுமன்றம் இயற்றிய அந்தச் சட்டம் டிண்டேலின் பதிப்பை முற்றாகத் தடை செய்ததோடு, அனுமதிக்கப்பட்ட ஆங்கில வேதத்துக்கும் வாசகர்களைத் தரம் பிரித்தது. பிரபுக்களும் கனவான்களும் தங்கள் வீட்டாருக்கு அதை வாசித்துக் காட்டலாம். வணிகர்கள் தனியே வாசித்துக்கொள்ளலாம். உயர்குடிப் பெண்கள் தனியே வாசிக்கலாம், ஆனால் பிறருக்கு வாசித்துக் காட்டக் கூடாது. மற்றப் பெண்களும், கைத்தொழிலாளரும், வேலை பழகும் இளைஞரும், பணியாட்களும், உழவரும், கூலிகளும் வாசிக்கவே கூடாது. ஒருவர் தம் அறையில் அமர்ந்து வாசிப்பதைவிட, ஒரு பெண் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஞாயிறுதோறும் நீங்கள் செய்யும் வேலை அவர்களுடைய பட்டியலில் எந்த வகுப்புப் பெண்ணுக்கும் இடமில்லாத வேலை.

அந்தச் சட்டத்தின் அடியை வாங்கியவர்களில் ஒருவரின் குரல் தற்செயலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. 1546இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஆட்டு மேய்ப்பர், எதை யார் கண்டுபிடித்தார் என்று கூறும் வேறொரு புத்தகத்தை வாங்கி, மேய்ப்பர்கள் வாசிக்க முடியாதபடி புதிய ஏற்பாட்டைத் தடை செய்திருந்தபோது இதை வாங்கினேன் என்றும், இந்தக் குருட்டுத்தனத்தைத் தேவன் திருத்துவாராக என்றும் அதில் எழுதி வைத்தார். செயின்ட்பரி குன்றின் மேல் ஆடு மேய்க்கும்போது எழுதியது என்று குறிப்பும் சேர்த்தார். (லூக்கா சுவிசேஷத்தின்படி இயேசு பிறந்த செய்தியை முதலில் கேட்டவர்கள் மேய்ப்பர்கள் என்பதைப் பாராளுமன்றத்தில் ஒருவராவது எடுத்துச் சொன்னாரா என்று நான் யோசித்ததுண்டு.) அவருக்கு எழுத்தும் தெரிந்திருந்தது, புத்தகம் வாங்கப் பணமும் இருந்தது, அனுமதி மட்டும் இல்லை. மறு ஆண்டே, ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

இதில் நம்மில் பலர் பேசாமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. எரித்தவர்களும் தடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. அவர்களில் பலர் வேதத்தை நேசித்த கல்விமான்களும்கூட. ஆகவே வேதத்துக்கான சுதந்திரத்துக்கு நன்றி சொல்லும்போது, நம்மை நல்லவர்களாகவும் வேறு யாரையோ பகைவர்களாகவும் நிறுத்திக்கொள்ள இடமில்லை. தேவனுக்குச் செலுத்தும் ஸ்தோத்திரம் உங்கள் விசுவாசத்தைச் சார்ந்தது. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் யாருடைய சாதி, தொழில், பால் எதையும் கேட்காமல் எவரும் ஒரு மதநூலை வாங்கவும் வாசிக்கவும் கொடுக்கவும் இடம் தருகிற அமைப்புக்கும் நன்றி சொல்லத் தகும். நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றும் உரிமையோடு பரப்பும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது; அதே பிரிவு உங்கள் அண்டை வீட்டாருடைய மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் காக்கிறது.

அதனால் ஒரு சிறிய வேண்டுகோள். அந்த அம்மா புத்தகத்தை முழுவதும் வாசிக்கலாம், பாதியில் மூடி வைக்கலாம், திருப்பியும் தரலாம். எதுவரை வாசித்தீர்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவரே வந்து பேசினால் பேசுங்கள்.