வாசகர் கேள்விகள்: நதியோரம் மிதிவண்டி

பிரான்ஸில் சந்தடியில்லாத நதிப் பள்ளத்தாக்கில் மூன்று நாள் மிதிவண்டிப் பயணம் போக எந்தப் பாதை நல்லது?
– வாசகர், கோவை

தென்மேற்கில் செலே நதி. எல்லோரும் லுவார் நதிக்கரைக்குத்தான் போகிறார்கள். அங்கே கோடையில் கூட்டம். ஃபிஜாக்கில் கிளம்பி டி41 சாலையில் ஆற்றின் போக்கிலேயே இறங்குங்கள். எஸ்பான்யாக், மார்சிலாக், கப்ரரே தாண்டியதும் செலே லோ நதியில் கலக்கும். அங்கிருந்து காவோர். மொத்தம் ஏறத்தாழ 80 கி.மீ. ஃபிஜாக், காவோர் இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு.

கப்ரரேக்கு மேலே உள்ள பெஷ் மெர்ல் ஓவியக் குகைக்கு முன்பதிவு அவசியம். தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைத்தான் விடுவார்கள். குன்றின்மேல் இருக்கும் சேன் சிர் லபோபி ஊருக்குக் கடைசியில் நல்ல ஏற்றம். பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் முழங்கால் தப்பும். சிற்றூர்க் கடைகள் மதியம் மூடிவிடும், திங்களன்று பலதும் திறக்காது. ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய் கைகொடுக்கும். 'நோன் பொத்தாப்ள்' (குடிக்கத் தகாதது) என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

சுமை ஏற்றினால் பின்சக்கரக் கம்பி ஒடிகிறதே?
– வாசகர், யாழ்ப்பாணம்

கம்பிகளின் இறுக்கம் சீராக இல்லை. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, சக்கரத்தின் நடுவிலுள்ள அச்சுக்குடத்தில் வளையும் இடத்தில் களைத்து முறியும். 36 கம்பிச் சக்கரம் போட்டு, இறுக்கத்தைச் சமப்படுத்துங்கள். சுமையில் கொஞ்சத்தை முன்சக்கரத்துக்கு மாற்றுங்கள். செயின் பக்கக் கம்பி ஒடிந்தால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவியும் சரியான நீளத்தில் மூன்று கம்பியும் பையில் இருக்கட்டும்.