எஞ்சினை இப்போதே பூட்டி வைக்காதீர்கள்

தம்பி, பழைய ஹொண்டா சிடி 90 மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்து முடிக்க இன்னும் இரண்டு வருடமாகும், அதற்குள் எஞ்சினைச் செய்து வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இப்போது பிரித்து அளவெடுங்கள்; பாகங்களை மீண்டும் சேர்த்துப் பூட்டுவதைக் கடைசிக்கு விடுங்கள்.

பிரிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரிங், கியர்ப் பற்கள், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் என்ற தண்டின் ஆட்டம் எல்லாம் அப்போதுதான் தெரியும். பாகம் தேடவே மாதங்கள் போகும். தேய்மானத்துக்குப் போதுமான பெரிய பிஸ்டன் கைக்கு வந்த பிறகே சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கக் கொடுங்கள். பிஸ்டனுக்கு ஏற்பத்தான் சிலிண்டர், சிலிண்டருக்கு ஏற்பப் பிஸ்டன் அல்ல.

திருகோணமலையின் உப்புக் காற்றை மறந்துவிடாதீர்கள். உப்புவெளியில் நான் கடைந்த சிலிண்டரை ஒயில் பூசாமல் ஒரு மாரிக்கு மேசையில் விட்டேன். தை மாதம் உட்சுவரெங்கும் செந்துரு. மீண்டும் கடைந்து, அடுத்த அளவு பிஸ்டன் வாங்கினேன். இன்றும் மனம் ஆறவில்லை.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்த, வண்டி சுமையோடு வீதியில் ஓட வேண்டும். கொட்டிலில் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் அது நடக்காது.

ஆனால் வர்ணம் பூசுமுன் வெற்று எஞ்சின் கூட்டை வண்டியின் சட்டத்தில் மாட்டி, போல்ட் துளைகளும் செயின் நேரும் சரியா என்று கட்டாயம் பாருங்கள்.