செவ்வாய்க் கிரகத்தில் பூசம் எப்போது? அறிபுனை வாசகர்களின் கேள்வி பதில்

வணக்கம். கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இயற்பியலும் கொஞ்சம் வானியலும்தான். அதற்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அறிவியல் கதை எழுதுகிறவர்களிடம் எப்போதும் கேட்பதை இங்கேயும் கேட்டுவிடுகிறேன்: கப்பலை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டுங்கள், அதன் சூடு எங்கே போகிறது?

பிடோக் வாசகர்: சார், விண்வெளி உடை கிழிந்தால் ஆள் வெடித்துவிடுவாரா, உறைந்துவிடுவாரா? ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறார்கள்.

இரண்டும் இல்லை. உடம்பு உப்பும், ஆனால் தோல் அவ்வளவு லேசில் கிழிகிற சாமான் இல்லை. 1966-ல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிடக் கூடத்தில் ஜிம் லெப்லாங்க் என்பவர் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தார். உடைக்குள் அழுத்தம் தரும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் நினைவு தப்பி விழுந்தார். கூடத்துக்குள் உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்துக்கொண்டார். கடைசியாக ஞாபகம் இருப்பது நாக்கில் எச்சில் கொதித்ததுதான் என்று பிறகு சொன்னார். ஆக, உங்கள் நாயகனுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி கொடுக்கலாம். அந்த நேரத்தில் அவன் மூச்சை அடக்கக் கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும்.

உறைவது பற்றி. ஃபிளாஸ்க்கில் காலையில் ஊற்றிய காப்பி மத்தியானம் வரை சூடாக இருப்பது எதனால்? இரண்டு சுவருக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால். விண்வெளியில் சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்றோ தண்ணீரோ கிடையாது. கதிர்வீச்சாக மட்டுமே அது வெளியேறும், அதுவும் மெதுவாக. அனைத்துலக விண்வெளி நிலையத்தின் படத்தைப் பார்த்தால் கறுத்த சூரியத் தகடுகள் மட்டுமல்ல, வெள்ளையாக மடிப்பு மடிப்பாக வேறு தகடுகளும் தெரியும். அவற்றுக்குள் அமோனியா ஓடிச் சூட்டை வெளியே விடுகிறது. நம்மவர்கள் எழுதும் போர்க்கப்பல்களில் ஒரு நகரத்துக்கே போதுமான மின்சாரம் இருக்கும், இந்தத் தகடு ஒன்றுகூட இருக்காது. உள்ளே இருப்பவர்கள் இட்லியாகிவிடுவார்கள்.

காலாங்கிலிருந்து: விண்வெளியில் சத்தம் கேட்குமா?

கேட்காது.

தோ பாயோவிலிருந்து: பெரிய வெடிப்பு என்றாலுமா?

என்றாலும்தான். வெடித்த கப்பலின் துண்டு உங்கள் கப்பலில் வந்து மோதினால் அந்தச் சத்தம் கேட்கும்.

செங்காங் தம்பி: பழங்கால விமானங்களைப் பற்றியது என்று சொல்லப்படும் வைமானிக சாஸ்திரத்தில் பாதரச இயந்திரம் வருகிறதே, அதை வைத்துக் கதை எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். பழங்காலத்து ஆதாரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1974-லேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் அந்த நூலை ஆராய்ந்து, அது 1904-க்கு முந்தியது இல்லை, அதில் உள்ள எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள்.

ஜூரோங்கிலிருந்து: தரையிலிருந்து விண்வெளிக்குக் கம்பி வழியே ஏறும் விண் மின்தூக்கி கட்டச் சிங்கப்பூர்தான் சரியான இடமா? நாம் பூமத்திய ரேகையில்தானே இருக்கிறோம்?

ரேகையில் இல்லை, 1.3 பாகை வடக்கே. அது பெரிய குறையும் இல்லை. கம்பி நேராக நிற்பதற்குப் பதில் சற்றே சாய்ந்து நிற்கும். துணைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றும் 35,786 கிலோமீட்டர் உயரம் தாண்டி, கம்பியை இழுத்துப் பிடிக்கும் எதிர்ப்பளு வரைக்கும் சேர்த்தால் 1 லட்சம் கிலோமீட்டர் நீளக் கம்பி. தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு அந்த நீளத்தில் செய்ய இன்று நம்மிடம் ஒரு பொருளும் இல்லை. கார்பன் நானோகுழாய் என்று எல்லாரும் சொல்கிறோம், இதற்குப் போதுமான வலுவோடு யாரும் அதில் நீளமான கயிறு திரித்துக் காட்டவில்லை.

அதைக் கதைக்காக விட்டுவிடலாம். எழுத்தாளர்கள் மறப்பது வேறொன்று. எந்தத் துணைக்கோளாக இருந்தாலும் ஒரு சுற்றில் இரண்டு முறை பூமத்திய ரேகைக்கு மேலாகப் போயாக வேண்டும். தாழப் பறக்கும் ஒவ்வொன்றும் என்றைக்காவது ஒருநாள் உங்கள் கம்பிக்கு வந்துவிடும். சாங்கிக்கு இறங்கும் விமானங்கள் வேறு. அப்புறம், மணிக்கு 200 கிலோமீட்டரில் ஏறினாலும் மேலே போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல். அந்த ஒரு வாரம் மின்தூக்கிக்குள் முன்பின் தெரியாத எட்டுப் பேர் என்று யாராவது எழுதினால் முதல் ஆளாக நான் வாசிப்பேன்.

பூமத்திய ரேகையால் நமக்குக் கிடைத்த உண்மையான லாபம் வேண்டுமென்றால், 2015 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் துணைக்கோள் டெலியோஸ்-1 இருக்கிறது. அதன் பாதையை ரேகையை ஒட்டியே அமைத்ததால் நம் வட்டாரத்துக்கு மேலே அடிக்கடி வந்து படம் எடுக்க முடிந்தது.

உட்லண்ட்ஸிலிருந்து: ஒளியை மிஞ்சிப் போக முடியுமா?

கதையில் முடியும். எப்படி என்று மூன்று பக்கம் விளக்காமல் இருந்தால் இன்னும் நன்றாகவே முடியும்.

ஈசூனிலிருந்து: அண்ணே, செவ்வாயில் குடியேறிய சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் பற்றிக் கதை எழுதுகிறேன். அங்கே பொங்கல் எப்போது வரும்? பானை பொங்குமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தங்கச்சி. பானையை முதலில் பார்ப்போம். வெளியே வைத்தால், செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் 0 பாகையை ஒட்டியே கொதித்து ஆவியாகிவிடும். எனவே குடியிருப்புக்குள்தான். அங்கே பூமியில் உள்ள அழுத்தத்தையே வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1973-ல் போன ஸ்கைலேப் நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம்தான், பெரும்பகுதி ஆக்ஸிஜன். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 72 பாகையிலேயே கொதிக்கும். அதாவது பால் சீக்கிரமே பொங்கிவிடும், குலவையும் போட்டுவிடலாம், அரிசி மட்டும் வேகாது. குக்கரில்தான் வைக்க வேண்டும். குக்கரில் வைத்தால் பொங்கி வழியாது. இந்த இக்கட்டிலேயே ஒரு கதை இருக்கிறது.

எப்போது என்ற கேள்வி சிக்கலானது. சிங்கப்பூர்த் தேதியையே வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

அங் மோ கியோவிலிருந்து: இதை ஏற்க மாட்டேன் சார். பொங்கல் சூரியனுக்கு உரியது. செவ்வாயின் வானத்தில் சூரியன் எப்போது மகர ராசிக்குள் போகிறதோ அப்போதுதான் தை பிறக்கும். பூமியின் தேதியை எதற்குக் கட்டி இழுக்க வேண்டும்?

கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. நட்சத்திரங்கள் வெகு தொலைவில் இருப்பதால் அங்கிருந்து பார்த்தாலும் ராசிகள் அதே ராசிகள்தான். ஆனால் செவ்வாயின் ஆண்டு 687 பூமி நாள். பொங்கலும் 687 நாளுக்கு ஒருமுறைதான், பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதங்களும் சமமாக இருக்காது. நம் பஞ்சாங்கத்தில் மார்கழி குட்டை, ஆனி நெடுக்கு. பூமி ஜனவரியில் சூரியனுக்கு அருகே வந்து சற்று வேகமாக ஓடுவதுதான் காரணம். செவ்வாயின் பாதை இன்னும் கோணலானது. நான் போட்ட கணக்கில் அங்கே ஆவணி ஏறத்தாழ 47 நாளில் முடிந்துவிடுகிறது, மாசி 69 நாள் இழுக்கிறது. தை 67. எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

தெம்பனிஸிலிருந்து: அப்படியானால் தைப்பூசம்? அங்கேதான் இரண்டு நிலா இருக்கிறதே!

இருப்பதுதான் பிரச்சினை. அவற்றில் ஒன்றான ஃபோபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. செவ்வாய் தன்னைத் தானே சுற்றுவதைவிட இது வேகம், அதனால் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். 27 நட்சத்திரத்தை அந்த நேரத்துக்குள் கடக்க வேண்டும், ஆளுக்கு 17 நிமிடம். ஒரே நாளில் பூசம் மூன்று முறை வரும்! சரி, பௌர்ணமியோடு சேர்ந்த பூசம்தான் வேண்டும் என்பீர்கள். செவ்வாய்க் கணக்கின் தை மாதம் ஏறக்குறைய முழுவதும், ஃபோபோஸ் முழு நிலவாக வேண்டிய நேரத்தில் செவ்வாயின் நிழலுக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு பௌர்ணமியும் கிரகணம். இன்னொரு நிலாவான டைமோஸ் மெதுவாக நகரும், ஆனால் பார்வைக்கு ஒரு பிரகாசமான நட்சத்திரம் போலத்தான் இருக்கும்.

ஈசூனிலிருந்து: நான் ஒரு வரிதான் கேட்டேன் அண்ணே. சிங்கப்பூர்த் தேதியே போதும்.

அங் மோ கியோவிலிருந்து: வேறு கிரகத்துக்குப் போயும் பழைய ஊர்த் தேதிதானா? அங்கே பிறந்த பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

இங்கே பிறந்த நமக்கு என்ன இருக்கிறதோ, அதுதான். சிங்கப்பூரில் எங்கே அறுவடை? ஜனவரியில் மழை கொட்டும், தேக்காவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவோம், பொங்கல் ஆகிவிட்டது. நம் கடிகாரத்துக்கே சூரியன் ஒரு பொருட்டில்லை. இடத்துக்கு உரிய கணக்கு கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முன்னே. 1982 ஜனவரி 1 முதல் 8 மணி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் உச்சிவெயில் ஒரு மணிக்கு அடிக்கிறது.

பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணமும் உண்டு. 2007 அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுகோர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது ரமலான் மாதம். நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும், ஒரு நாளில் 16 சூரிய உதயம். தொழுகைக்கு எந்த நேரத்தைப் பின்பற்றுவது? மலேசிய அறிஞர்கள் கூடிப் பேசி, கிளம்பிய இடத்தின் நேரம் என்று வழிகாட்டினார்கள். நான் அதன் பக்கம்தான். செவ்வாய்க்குப் போகிறவர்கள் சிங்கப்பூரில் தைப்பூசம் நடக்கும் தேங்க் ரோட்டு முருகன் கோயில் தேதியைப் பின்பற்றட்டும். திருவிழா நேரலை 3 முதல் 22 நிமிடம் தாமதமாக வரும். 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நடுவே வந்து ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர்பே சரியாக இருக்காது. பூசம் அதில் மாட்டினால் கொடுத்துவைக்கவில்லை.

அங் மோ கியோ நண்பர் இதற்கும் நீளமாக ஒரு மறுப்பு எழுதியிருக்கிறார். வாசித்தேன். கதையாக எழுதுங்கள் ஐயா, இரண்டு பஞ்சாங்கக் கட்சிகளும் ஒரே குடியிருப்பில் அடித்துக்கொள்ளட்டும்.

பாசிர் ரிஸிலிருந்து: வெடிக்கும் சத்தம் விண்வெளியில்...

மேலே பாருங்கள். இரண்டு முறை சொல்லியாயிற்று.

புங்கோலிலிருந்து: ஏஐக்கு மனசாட்சி வருமா?

என் துறை இல்லை. கணினிக்காரர்களைக் கேளுங்கள், அவர்களும் சண்டைதான் போடுவார்கள்.

சுவா சூ காங்கிலிருந்து: ஒரு நாட்டுக்கே போதுமான அணு உலையை ஒரு சின்ன விண்கலத்தில் வைக்கலாமா?

வைக்கலாம். சூடு எங்கே போகும்?

கிளமெண்டியிலிருந்து: செவ்வாயில் ஈர்ப்பு குறைவு என்பதால் காவடி எடுப்பது சுலபமா?

தூக்குவது சுலபம், ஆடுவது இல்லை. ஈர்ப்பு 38 விழுக்காடுதான், எனவே 30 கிலோ காவடி தோளில் 11 கிலோ போலத்தான் அழுத்தும். ஆனால் பொருளின் நிறை மாறாது. மேளத்துக்கு ஏற்ப அதைச் சுழற்றவும் சட்டென்று நிறுத்தவும் இங்கே வேண்டிய அதே பலம் அங்கேயும் வேண்டும். காலோ தரையில் சரியாகப் பிடிக்காது. சுழன்றவர் காவடியோடு சேர்ந்து இன்னும் அரைச் சுற்றுப் போய்விடுவார்.

பால்குடம் இன்னும் மோசம். நடந்துகொண்டே திரும்பும்போது பால் ஒரு பக்கம் ஏறும். அதைக் கீழே இழுத்துச் சமன்படுத்துவது ஈர்ப்புதான், அது குறைந்தால் பால் இரண்டரை மடங்கு செங்குத்தாகச் சாயும், தளும்பி அடங்கவும் கூடுதல் நேரம் எடுக்கும். குடத்தின் வாயில் மஞ்சள் துணியை இறுகக் கட்டியிருந்தாலும் வளைவுக்கு வளைவு நனைந்துகொண்டேதான் போகும். குடத்தில் முக்கால்வாசி மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்.

கறுந்துளை பற்றி வந்திருக்கும் நான்கு கேள்விகளும் ஒரே கேள்விதான். அடுத்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.