கெடுக்கப் போய் அமைந்த பாட்டு

கேள்வி: ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'கிரீப்' பாட்டை 30 வருடங்களாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அது பழைய பாட்டு ஒன்றின் காப்பி என்று கோர்ட்டு வரை போய் நிரூபணமாகிவிட்டது. பாடியவரே வெறுத்துப்போய் மேடையில் பாட மறுத்தார். அப்புறம் இதில் கொண்டாட என்ன இருக்கிறது? (கோவை வாசகர்)

பதில்: கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். சரி, முதலில் காப்பிக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

நீங்கள் சொல்லும் பழைய பாட்டு 'தி ஏர் தட் ஐ பிரீத்'. ஆல்பர்ட் ஹேமண்டும் மைக் ஹேஸில்வுட்டும் எழுதியது. 1974-ல் தி ஹாலீஸ் குழு பாடி ஹிட் ஆக்கியது. வழக்கு வந்தது உண்மை, ஆனால் தீர்ப்பு வரை போகவில்லை. ரேடியோஹெட் ஒத்துக்கொண்டது. அந்த இருவர் பெயரும் 'கிரீப்' எழுதியவர்கள் பட்டியலில் ஏறின, ராயல்டியிலும் பங்கு போனது. அவர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்டதால்தான் முழுவதையும் கேட்காமல் சின்னப் பங்கோடு விட்டோம் என்று ஹேமண்டே பிற்பாடு சொல்லியிருக்கிறார். உங்கள் கட்சிக்கு வலு சேர்க்கும் சங்கதி ஒன்றையும் நானே தருகிறேன். கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஹாலீஸ் பாட்டைப் போலவே இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் குழுவின் கிட்டார்காரர் எட் ஓ'பிரையன். அதைக் கேட்டதும் பாடகர் தாம் யார்க், நடுச் சரணத்துக்கு அந்தப் பழைய மெட்டையே வேண்டுமென்று வைத்துவிட்டார். குழுவுக்கு அது ஒரு குறும்பு. தெரிந்தே வாங்கிய கைமாற்று, பிறகு வட்டியோடு அடைத்தார்கள்.

என்ன வாங்கினார்கள் என்று தெரிய வேண்டாமா? வீட்டில் கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு பஞ்சமத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து ஒட்டினாற்போல் இரண்டு கட்டை ஏறிவிட்டு, வந்த வழியே இறங்குங்கள். பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம், பஞ்சமம். ஜி, பி, சி, சி மைனர் என்று பாட்டு முழுக்கச் சுற்றி வரும் நான்கு கார்டுகளுக்குள் ஒளிந்திருப்பது இவ்வளவுதான். ஹாலீஸ் பாட்டில் இந்த ஏற்ற இறக்கம் காதல் கிறக்கமாகக் கேட்கிறது. 'கிரீப்'பில் வருகிறவனோ, விரும்பும் பெண்ணை நிமிர்ந்து பார்க்கக்கூடத் துணியாதவன். எனக்கு இங்கே என்ன வேலை என்று தன்னையே திட்டிக்கொள்கிறவன். அதே ஸ்வரங்கள் அவனிடம் கூனிக் குறுகுகின்றன. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது யார்க் எழுதிய பாட்டு இது.

ஆனால் இந்தப் பாட்டை இன்றைக்கும் யாராவது நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால் கார்டுகளுக்காக அல்ல, பல்லவிக்குச் சற்று முன்னால் வருமே ஒரு சத்தம், அதற்காக. 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் சிப்பிங் நார்ட்டன் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. தயாரிப்பாளர்கள் ஷான் ஸ்லேட், பால் கோல்டெரி என்ற இரண்டு அமெரிக்கர்கள். பதிவுசெய்ய வந்த பாட்டுகள் சரியாக அமையவில்லை. ஒத்திகையில் வாசித்த இதை 'நம்ம ஸ்காட் வாக்கர் பாட்டு' என்று, பழைய பாடகர் ஒருவரின் பெயரை வைத்து யார்க் சொல்லப்போக, யாரோ எழுதிய பாட்டு போலிருக்கிறது, இருப்பதில் நல்லது இதுதான், இதுவும் இவர்களுடையது இல்லையே என்று தயாரிப்பாளர்கள் வருத்தப்பட்டிருக்கிறார்கள். பிறகு சும்மா வாசிக்கச் சொல்ல, ஒரே டேக்கில் முடிந்தது. குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட்டுக்குப் பாட்டின் சாதுத்தனம் பிடிக்கவில்லை. அந்த எரிச்சலில் கிட்டாரை ஓங்கி அறைந்தார். கர்ர்க், கர்ர்க். துருப்பிடித்த ஷட்டரைப் பாதி இழுத்து விட்டது போல. பாட்டைக் கெடுக்க ஜானி செய்த முயற்சிதான் அது என்கிறார் ஓ'பிரையன். கெடுக்க வந்த சத்தம் பாட்டுக்கு முதுகெலும்பாகிவிட்டது. இது எந்தப் பழைய பாட்டிலிருந்து காப்பி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் வெளியானபோது பிபிசி ரேடியோ 1, ரொம்பச் சோகம் என்று ஒதுக்கியது. சுமார் 6,000 பிரதிகள் விற்றன, அவ்வளவுதான். தூக்கி நிறுத்தியது சொந்த ஊர் இல்லை. இஸ்ரேலில் யோவ் குட்னர் என்ற அறிவிப்பாளர் வானொலியில் திரும்பத் திரும்பப் போட்டார், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிலையம் பிடித்துக்கொண்டது, பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1993-ல் மறுபடி வெளியிட்டபோதுதான் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 7-ஆம் இடம்.

வெறுப்பும் அங்கே ஆரம்பித்ததுதான். எந்த மேடை ஏறினாலும் கூட்டம் இந்த ஒன்றைக் கேட்டே கத்தும். 1994-ல் இதே கடுப்பை வைத்து 'மை அயர்ன் லங்' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். இரும்பு நுரையீரல் என்பது போலியோ நோயாளிகளைப் படுக்க வைத்த பழைய மூச்சு இயந்திரம். உயிரைக் காப்பாற்றும், வெளியே விடாது. 'கிரீப்' தங்களுக்கு என்ன செய்தது என்பதை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. பாட்டு மட்டம் என்று அவர்கள் வெறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேறு எதையும் கேட்கவிடாமல் அது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பல வருடங்கள் மேடையில் அதைத் தொடுவதே அபூர்வம். 2016-ல் பாரிஸில் திடீரென்று வாசித்தார்கள், அடுத்த வருடம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவிலும்.

நிஜமாகவே வெறுத்திருந்தால் பிரின்ஸ் விஷயத்தில் யார்க் சும்மா இருந்திருப்பார். 2008-ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் பாப் பாடகர் பிரின்ஸ் இதைப் பாடினார். ரசிகர்கள் எடுத்த வீடியோக்களை பிரின்ஸ் தரப்பு யூடியூபிலிருந்து நீக்க வைத்தது. செய்தி காதுக்கு வந்ததும் யார்க் சொன்னது: தடையை எடுக்கச் சொல்லுங்கள் அவரை, அது எங்கள் பாட்டு.

கேட்பதானால் 1992 வடிவத்தையே கேளுங்கள். கர்ர்க் சத்தத்துக்கு முந்தைய வரியில் ஒரு கெட்ட வார்த்தை வரும். ரேடியோவுக்காக அதை எடுத்துவிட்டு 'வெரி' என்று பாடிய இன்னொரு வடிவமும் சுற்றுகிறது. அதில் கிட்டாருக்கு மட்டும்தான் கோபம் வருகிறது.