'விளங்குதல்' என்றால் என்ன பொருள்? விளக்குக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வியை "விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள். தெரிந்து எழுதினீர்களோ என்னவோ, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

விளங்குதல் என்றால் முதலில் ஒளிர்தல். புரிதல் என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். தூங்கு-தூக்கு, கலங்கு-கலக்கு மாதிரி விளங்கு-விளக்கு ஒரு ஜோடி. தானாக ஒளிர்ந்தால் விளங்கு, ஒளிர வைத்தால் விளக்கு.

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் பாட்டி குத்துவிளக்கும் புளியுமாகக் கிணற்றடியில் உட்கார்ந்துவிடுவார். "விளக்கை வெளக்கிட்டு வரேன்" என்பார். களிம்பு கரைந்து பித்தளை பளிச்சென்று வெளியே வரும். பல் விளக்குவதும் பாத்திரம் விளக்குவதும் இதேதான். வாத்தியார் பாடம் விளக்குவதும் இதேதான், புளிதான் இல்லை. விளக்குமாறும் இந்தக் குடும்பம். மாறு என்றால் குச்சி (பருத்திமாறு என்கிறோமே), தரையை விளக்குகிற மாறு.

துலங்கு-துலக்கு ஜோடியும் இதே வழியில் போயிருக்கிறது. பல்லையும் துலக்குகிறோம், துப்பையும் துலக்குகிறோம்.

பழைய பொருளைப் பார்க்க வேண்டுமானால் 601ஆம் குறளுக்குப் போங்கள்: "குடியென்னும் குன்றா விளக்கம் மடியென்னும் மாசூர மாய்ந்து கெடும்." இங்கே விளக்கம் என்பது விளக்கு. சோம்பல் என்ற அழுக்கு ஏறினால் குடிப்பெருமை என்ற விளக்கு மங்கி அணைந்துவிடும் என்கிறார். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் ஒன்றும் ஒட்டாது.

இன்னொன்று. "எனக்கு விளங்கியது" என்கிறோம். ஒளிர்வது விஷயம்தான், நான் அல்ல. "அவன் விளங்கினான்" என்றால் அவனே பளிச்சிடுகிறான், நன்றாக இருக்கிறான் என்றாகிவிடும். "நீ விளங்கவே மாட்டே" என்ற வசவு பிறந்தது அங்கேதான்.

தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் 'புரியுது' வந்து உட்கார்ந்துகொண்டது. ஈழத்தமிழில் 'விளங்குது' இன்றும் அன்றாடச் சொல். என்னுடன் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் முதல் வாரமே, "உமக்கு விளங்கேல்லையோ?" என்று கேட்டார். "வெளங்கின மாதிரிதான்" என்று அப்பா வாயால் கேட்டு வளர்ந்தவன் நான், முகம் சுண்டிவிட்டது. அவர் கேட்டது எக்செல் ஃபார்முலாவைப் பற்றி.