விலை கேட்டு வரும் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். மெயிலுக்கு மதிப்பெண் போட்டுக் குப்பையைப் பிரிக்கும் ஸ்பேம்அசாசின் மென்பொருள் போட்டிருக்கிறோம். குப்பை மெயில் தொல்லை தாங்காமல் ஸ்பேம் என்று ஒதுக்கும் மதிப்பெண் வரம்பை 5-லிருந்து 3-ஆகக் குறைத்தேன். இப்போது வளைகுடாவிலிருந்து விலை கேட்டு வரும் நல்ல மெயிலும் ஸ்பேமுக்குப் போய், ஆபீசில் திட்டு விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வரம்பை 5-க்கே திருப்பி வையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் உள்ள மதிப்பெண் அந்த 5-ஐ வைத்துக் கணக்கிட்டதுதான். சொற்களை வைத்து "இது ஏறக்குறைய நிச்சயம் ஸ்பேம்" என்று சொல்லும் பேயஸ்_99 என்ற ஒற்றை விதிக்கே 3.5 என்பதால், வரம்பு 3 என்றால் வேறு குற்றமே வேண்டாம், அது ஒன்றே மெயிலைத் தள்ளிவிடும்.

உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். சிக்கிய மெயிலின் முழு ஹெடரில் (தலைப்பகுதி விவரங்களில்) எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்கள், எந்தெந்த விதி பட்டது என்று பெயரோடு இருக்கும். பேயஸ் என்ற இந்தக் கணிப்புப் பகுதி நாம் காட்டும் மெயில்களின் சொற்களிலிருந்து கற்கிறது. "உங்கள் பொருள் வேண்டும், விலை அனுப்புங்கள்" என்று வைரஸ் கோப்போடு வரும் மோசடி மெயிலும், நிஜமாகவே கூழ் வாங்க வருபவரின் மெயிலும் பேசுவது ஒரே பாஷை. குப்பையை மட்டும் ஊட்டினால் இரண்டும் அதற்கு ஒன்றுதான். அதனால் போன சீசனில் வந்த நல்ல விசாரணைகளை ஒரு ஃபோல்டரில் சேர்த்து, எஸ்ஏ-லேர்ன் கட்டளையால் ஹாம் (நல்ல மெயில்) என்று கற்றுக்கொடுங்கள். தப்பாக ஸ்பேம் என்று கற்றதையும் இப்படியே ஊட்டினால் பழையதை அதுவே மறந்துவிடும். (ஸ்பேம், ஹாம் இரண்டிலும் தலா 200 சேரும்வரை பேயஸ் வாயே திறக்காது.)

ஹெடரில் யூஆர்ஐபிஎல்_பிளாக்டு என்று தெரிகிறதா? 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடித் தரும் சேவை) வழியாகக் கேட்பதால், மெயிலில் உள்ள இணைப்புகளைச் சோதிக்க உதவும் தடைப்பட்டியல் தளம் பதில் தர மறுக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் அவ்வளவு குப்பை உள்ளே வந்ததற்கே இது காரணமாக இருக்கலாம். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, வேறு டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பாமல் நேரடியாகக் கேட்க விடுங்கள்.

வாடிக்கையாளர் முகவரிகளை ஒயிட்லிஸ்ட்_ஃப்ரம் என்ற நம்பகமானவர் பட்டியல் வரியில் போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள், வேண்டாம். அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் போலியாகப் போடலாம், அந்த வரியோ 100 மதிப்பெண்ணைக் கழித்துவிடும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்ற மோசடி மெயிலுக்கு நீங்களே கதவு திறந்த மாதிரி. ஒயிட்லிஸ்ட்_ஆத் பாதுகாப்பானது, அனுப்பிய டொமைன் போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சரிபார்ப்பில் தேறினால்தான் சலுகை. 4.0 பதிப்பிலிருந்து அதன் பெயர் வெல்கம்லிஸ்ட்_ஆத். அதிலும் ஜிமெயில் முழுவதையும் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் தொழிலுக்கென்றே ஒரு விதி எழுதலாம். நிஜமாக வாங்குபவர் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) எவ்வளவு, அசெப்டிக் (கிருமி நீக்கி அடைத்த) டிரம்மா, தோத்தாபுரியா அல்போன்சாவா என்று கேட்பார். மோசடிக்காரருக்கு எல்லாமே "உங்கள் பொருள்"தான். இவற்றில் இரண்டு சொல்லாவது சேர்ந்து வந்தால் 1.5 குறைக்கச் சொல்லி லோக்கல்.சிஎஃப் அமைப்புக் கோப்பில் ஒரு மெட்டா விதி (பல விதிகளைச் சேர்த்துப் பார்க்கும் விதி) போதும். அதற்கு மேல் குறைக்காதீர்கள், உங்கள் வெப்சைட்டைப் பார்த்து அதே சொற்களைப் போடுபவனும் உண்டு. மாற்றியதும் லின்ட் என்ற சோதனையை ஓட்டிப் பிழை பார்த்துவிட்டுத்தான் ரீஸ்டார்ட். மே மாதம் கூழ் சீசன் சூடுபிடிக்கும்போது எதையும் தானாக அழிக்க விடாமல், 5 தாண்டியதை ஸ்பேம் ஃபோல்டரில் போட்டு, தினமும் காலையில் ஒருவர் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.